காமெனின் கோப்பு

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ஸ்விலென் விளையாட்டு இயந்திரத்தை இயக்கினான். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அமைப்புக் கோப்பில் பிழை இருக்கிறது, பொது அமைப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றது.

அணைத்துவிட்டு மறுபடி இயக்கினான். அதே வரி.

பின்னால் நாற்காலியில் இருந்த காமென் தொண்டையைச் செருமினான்.

“என்ன மாமா, இதுக்கும் பக்கவாதமா?”

“சும்மா இரு மச்சான்.”

காமென் ஸ்விலெனின் மனைவிக்குத் தம்பி. பல்கேரியாவின் எல்லை ஆற்றங்கரையில் உள்ள ரூசே துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன். போன ஆகஸ்டில் கிரேன் கூண்டிலிருந்து இறங்கும்போது, ஏணியின் கடைசிப் படியில், உடம்பின் வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதன் பிறகு ஏழு மாதம் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான். சன்னலில் கிரேன்கள் தெரியும். மார்ச்சில் ஒரு நாள் ஸ்விலென் அவனைத் திட்டித் திட்டியே காரில் ஏற்றி இந்த வாசகசாலைக்குக் கூட்டிவந்தான்.

வாசகசாலையில் மேல்மாடி நூலகம். நடுவில் நடன வகுப்பு. கீழ்த்தளத்தில் பழைய கணினி விளையாட்டுக் குழு. உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டுகள் எல்லாம் ஓடும். காமென் ஆடுவது ‘மடை’. ஆற்றில் சரக்குப் படகை ஒவ்வொரு மதகாகக் கடத்திக்கொண்டு போகவேண்டும். மதகுக் கதவில் மூன்று முறை இடித்தால் படகு போயிற்று.

அவன் ஆடுவதற்காக எழுதப்பட்டது அந்தக் கோப்பு. இடது கைக்கு மூன்று பொத்தான், இடது பாதத்துக்கு ஒரு பெடல், வலது முழங்கைக்குத் தட்டையான ஒரு பெரிய பொத்தான். முழங்கை தானாக நடுங்கும். எவ்வளவு நேரம் அழுந்தினால் அது காமென் அழுத்தியது, அதற்குக் குறைந்தால் வெறும் நடுக்கம் என்று கோப்புதான் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க ஏப்ரல் முழுக்கப் போயிற்று. மருத்துவமனை அறிக்கையில் காமெனின் வலது கையைப் பற்றி இரண்டு வரி இருந்தது. கோப்பில் நாற்பது வரி இருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

நான்கு மணிக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து, பக்கத்து நாட்டு ஊரான ஜுர்ஜுவின் குழு போட்டிக்கு வருகிறது. ஆடுபவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் காமென். அவனே போய் எழுதிக்கொண்டான். பதினோரு மாதத்தில் அவனாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்விலென் தன் மடிக்கணினியில் கோப்பைத் திறந்தான். நேற்று மாலை வீட்டில் உட்கார்ந்து, குதிகாலுக்கு இன்னொரு பெடல் வைப்பதற்காகப் புதிதாகச் சில வரிகள் சேர்த்திருந்தான். அங்கங்கே பழைய வரிகளிலும் கைவைத்தான். எங்கெங்கே என்று இப்போது நினைவில்லை. ஒரு பக்கம் இதை எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் தான் வேலை பார்க்கும் டிப்போவிலிருந்து வந்த செய்திகளுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு கோப்பைப் பென் டிரைவில் போட்டான். பென் டிரைவில் இருந்த பழைய நகல் அதோடு அழிந்தது. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் செய்துவந்தான். ஒரு வாரமும் கேடு வந்ததில்லை.

முதலில் எண்களைப் பார்த்தான். புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி வைத்துவிடும் பழக்கம் அவனுக்கு உண்டு. ஒன்றும் இல்லை. குதிகால் வரிகளை மொத்தமாக எடுத்துவிட்டுப் பார்த்தான். இயந்திரம் ஏற்கவில்லை. திரும்பச் சேர்த்தான். சந்தேகப்பட்ட வரிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, மறுபடி அடித்தான். ஏற்கவில்லை.

“எத்தனாவது வரின்னாவது சொல்லுதா?” என்றான் காமென்.

“சொல்லலை. தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லுது.”

“எங்க அக்கா மாதிரி.”

மணி இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நூலகத்தில்தான் பிரிண்டர் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு நூலகம் மூடிவிடும். ஸ்விலென் பென் டிரைவை எடுத்துக்கொண்டு படியேறினான்.

நூலகர் விஹ்ரா இழுப்பறைகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளும் ஸ்விலெனும் பேசி இரண்டு மாதம் ஆகிறது. மே மாதத்தில் கீழ்த்தளத்தில் ஒரே நேரத்தில் ஏழு திரைகளைப் போட்டு, கட்டடம் முழுவதும் மின்சாரம் போய், அவள் அரை நாள் பதிவு செய்த புத்தகப் பட்டியல் காற்றில் கரைந்தது. ஸ்விலென், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களின் டிப்போவில் எலக்ட்ரீஷியன். அதுதான் அவளை மேலும் எரிச்சல்படுத்தியது.

“மூடியாச்சு அண்ணே.”

“ஒரே ஒரு பிரிண்ட்டும்மா. நாலு பக்கம்தான்.”

“என்ன, மன்னிப்புக் கடிதமா? ரெண்டு மாசம் தாமதம்.”

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் பூட்டுவதை நிறுத்தவில்லை.

“யாரோட கோப்பு?”

“காமெனோடது. என் மச்சான்.”

“என்னை ‘புத்தகப் போலீஸ்’னு கூப்பிடுவாரே, அவரா?”

“அவன்தான்.”

அவள் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். “பிரிண்ட் எடுத்து என்ன பண்ணப்போறீங்க?”

“நாலு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு பக்கமா வாசிச்சுத் தேடுவோம்.”

“வாசிச்சா கிடைக்காது. வாசிக்கிறப்ப மனசு தானாத் திருத்திக்கும். அடுக்கிப் பாக்கணும். குடுங்க.”

அவள் கோப்பைத் தன் கணினியில் அட்டவணையாகத் திறந்தாள். எடுத்ததுமே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள்.

“இது எதுக்கும்மா?”

“அலமாரியைக் கலைக்கிறதுக்கு முன்னாடி எது எங்க இருந்ததுன்னு குறிச்சுக்கணும். இல்லைன்னா திரும்ப எப்படி வைப்பீங்க?”

ஸ்விலெனுக்கு அது தோன்றியிருக்காது. அவன் முதலில் கலைத்திருப்பான்.

அவள் கணினியை வரிகளை அகரவரிசையில் அடுக்கச் சொன்னாள். இருநூற்றுப் பதினான்கு வரிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறின. காமெனின் முழங்கையும் பாதமும் விரல்களும் எங்கெங்கோ போய் உட்கார்ந்தன. அவள் மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினாள். வாய் எதையோ முணுமுணுத்தது. கடைசிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“அண்ணே, இந்த axis-ன்னு ஆரம்பிக்கிற வரிங்க ஆறு மேல ஒண்ணா இருக்கு. பாத்தீங்களா?”

“ஆமா.”

“அப்போ இந்த ரெண்டு axis மட்டும் ஏன் இவ்வளவு கீழ, z-க்கும் அந்தப்பக்கம் வந்து உக்காந்திருக்கு?”

அவன் குனிந்து பார்த்தான். மேலே இருந்த axis-க்கும் கீழே இருந்த axis-க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“ஒரே மாதிரிதானேம்மா இருக்கு.”

“கண்ணுக்கு. போன வருஷம் ஒரு பிரெஞ்சு சமையல் புத்தகம் எட்டு மாசம் காணாமப் போச்சு. அலமாரில இருந்துச்சு. பட்டியல்லயும் இருந்துச்சு. பேரைப் போட்டுத் தேடினா மட்டும் வரவே வராது. தலைப்போட முதல் எழுத்தை யாரோ நம்ம பல்கேரிய எழுத்துல அடிச்சு வச்சிருந்தாங்க.”

“எந்த முட்டாள்?”

“நான்தான்.”

அவனுக்கு முகம் சிவந்தது. அவள் சிரிக்கவில்லை, வேலையைத் தொடர்ந்தாள்.

இலத்தீன் a-வும் பல்கேரிய а-வும் முகத்தில் இரட்டைப் பிள்ளைகள். மனிதர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இயந்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு ஊர்க்காரர்கள். அது a-வை எதிர்பார்த்து நின்றது. வந்தது வேறு ஆள். கதவைச் சாத்திவிட்டது.

விஹ்ரா அந்த இரண்டு எழுத்தையும் மாற்றினாள். எண்படி வரிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். எண்களை எடுத்துவிட்டுச் சேமித்தாள். ஸ்விலென் இரண்டிரண்டு படியாக இறங்கினான். நாற்பத்தெட்டு வயதில் அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இயக்கினான். கோப்பில் பிழை இருக்கிறது என்றது இயந்திரம்.

மணி மூன்றாகப் பத்து நிமிடம். குழுவில் மற்ற இருவரும் மேசை மேல் பனிட்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியை, வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேண்டுமென்றே இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“விடு மாமா,” என்றான் காமென். “நான் வர்றவங்களுக்கு பனிட்சா பரிமாறுறேன். ஒரு கை போதும்ல.”

யாரும் சிரிக்கவில்லை. காமென் கைத்தடியை எடுத்தான்.

“இல்ல, வேண்டாம். வீட்ல கொண்டு விட்டுடு.”

ஸ்விலெனுக்கு அந்தக் குரல் தெரியும். ஏழு மாதம் கேட்ட குரல். இன்று அவன் வீட்டுச் சன்னலுக்கு முதுகு காட்டும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், மறுபடி அவனை எழுப்பத் தன்னிடம் திட்டு மிச்சமில்லை என்றும் தெரியும்.

“பத்து நிமிஷம் குடு மச்சான்.”

“பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு பன்னிரண்டரைலேருந்து சொல்ற.”

“அவரை உக்காரச் சொல்லுங்க அண்ணே.”

வாசலில் விஹ்ரா நின்றிருந்தாள். வாசகசாலையில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறாள். கீழ்த்தளத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஒயர்களைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு ஸ்விலெனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஆகா, போலீஸ் வந்தாச்சு,” என்றான் காமென். ஆனால் உட்கார்ந்தான்.

“தப்பு என்னோடது,” என்றாள் விஹ்ரா. “நான் வரிகளை அடுக்கினேன். அடுக்கினா வரியோட முதல் எழுத்து மட்டும்தான் மாட்டும். வரிக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிறது மாட்டாது. அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல axis-ன்னு அடிங்க.”

“எதுக்கு?”

“அடிங்க. நேத்து எப்படி அடிச்சீங்களோ அப்படி. நான் பக்கத்துல இல்லைன்னு நெனச்சுக்கங்க.”

அவன் அடித்தான். விசைப்பலகை பல்கேரிய மொழியில் இருந்தது. எப்போதும் அதில்தான் இருக்கும். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்து ь என்று வந்து நின்றது. அவன் விரல் அதை அழித்தது, மொழியை மாற்றியது, மீதியை அடித்து முடித்தது.

“இப்ப என்ன பண்ணீங்க?”

“அடிச்சேன். நீதானே சொன்னே.”

“இன்னொரு தடவை. உங்க கையைப் பாருங்க, திரையைப் பாக்காதீங்க.”

இரண்டாவது முறை அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை தெரிந்தது. வலது கையின் சுண்டுவிரல் ஒரே ஒரு முறைதான் அழித்தது. விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். முப்பது வருஷமாகத் தட்டச்சு செய்கிறவன். தன் விரல் இப்படி ஒரு காரியம் செய்துவருவதை இன்றுதான் நேரில் பார்க்கிறான்.

“ரெண்டாவது எழுத்து விகாரமா வந்து நிக்கும்போதுதான் மொழி மாத்தலைன்னு உங்களுக்கு உறைக்குது,” என்றாள் விஹ்ரா. “அதை மட்டும் அழிக்கிறீங்க. முதல் எழுத்து பாக்க லட்சணமா இருக்கு. அதனால விட்டுடறீங்க.”

“எல்லையில பாஸ்போர்ட் பாக்கிறவன் மாதிரி,” என்றான் காமென். “மூஞ்சி ஒத்துப்போனா உள்ள போன்னு விட்டுடறது.”

“அதேதான்.”

“இதைத்தான் மத்தியானம் பூரா நிதானமா, எழுத்து எழுத்தா, திரும்பத் திரும்ப அடிச்சியா மாமா?”

விஹ்ரா மேசையில் கிடந்த காகிதத் துண்டில் எதையோ எழுதத் தொடங்கினாள்.

“அப்போ தப்பு எப்பவும் ஒரு வார்த்தையோட முதல் எழுத்துல இருக்கும். ஆங்கிலத்துலயும் நம்ம மொழியிலயும் ஒரே முகமா இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே விசையாவும் இருக்கணும். p அடிச்சா п வரும், உடனே தெரிஞ்சிடும். c அடிச்சா ц வரும், அதுவும் தெரிஞ்சிடும். k கொஞ்சம் கோணலா இருக்கும், உங்க கண்ணு தவறவிட்டாலும் மேல பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கும்.” காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் கோடு போட்டுக்கொண்டே போனாள். “மிச்சம் மூணு. a, e, o. வேற எதுவும் உங்க விரலைத் தாண்டி உள்ள வந்திருக்க முடியாது.”

அவள் கோப்பைப் பார்க்கவே இல்லை. இருநூற்றுப் பதினான்கு வரிகளை விட்டுவிட்டு ஒரு மனிதனின் சுண்டுவிரலைப் படித்திருந்தாள். ஸ்விலென் டிப்போவில் நல்ல எலக்ட்ரீஷியன்களைப் பார்த்திருக்கிறான். ஓடாத வண்டியைத் திறக்காமல், ஓட்டுநரை உட்காரவைத்து, காலையிலிருந்து என்னென்ன செய்தாய் என்று கேட்கிறவர்கள். மொத்தம் இரண்டு பேர். இவள் மூன்றாவது.

“நகருங்க.”

“நானே தேடுறேன்மா.”

“நீங்க விசைப்பலகையைத் தொடவே கூடாது.”

காமென் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் பென் டிரைவை மடிக்கணினியில் செருகி, பல்கேரிய а-வைத் தேடினாள். ஒன்றுமில்லை. е-யைத் தேடினாள். நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் ஒன்று, enabled என்ற சொல்லின் தலையில். о-வைத் தேடினாள். இரண்டு. ஒன்று off. இன்னொன்று on. அந்த on முழங்கைப் பொத்தானுக்கானது. மூன்றையும் மாற்றினாள். மறுபடி மூன்று எழுத்தையும் தேடினாள். எதுவும் இல்லை என்றது கணினி. அவள் அதையும் நம்பாமல் இன்னொரு தடவை தேடினாள்.

“போடுங்க.”

மணி மூன்று முப்பத்தைந்து. ஸ்விலென் பென் டிரைவைச் செருகி இயந்திரத்தை இயக்கினான். திரை கறுப்பாக இருந்தது. அந்த ஒரு வரி வரவில்லை. ஆறு வந்தது, கரை வந்தது, படகு வந்தது.

காமென் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டான். இடது பாதத்தைப் பெடலில் வைத்தான். இடது கையால் வலது கையைத் தூக்கி முழங்கையைப் பெரிய பொத்தான் மேல் வைத்தான். முழங்கை நடுங்கியது. படபடவென்று பொத்தானைத் தட்டியது. திரையில் எதுவும் அசையவில்லை. ஸ்விலென் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விஹ்ரா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கோப்பு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து எழுந்தாள்.

“உக்காரும்மா,” என்றான் ஸ்விலென் மெல்ல. “இப்படித்தான் இருக்கணும்.”

பிறகு காமென் அழுத்தினான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. படகு கரையை விட்டு நகர்ந்தது.

விஹ்ரா கொஞ்ச நேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது எப்படி அவரைக் கண்டுபிடிக்குது?” என்று கேட்டாள். ஸ்விலென் கோப்பைத் திறந்து அந்த நாற்பது வரிகளைக் காட்டினான். அவள் முதல் தடவையாக அவற்றை வாசித்தாள். எண்களை வாசித்தாள். எண்களுக்கு மேலே ஸ்விலென் குறித்துவைத்த தேதிகளை வாசித்தாள். ஏப்ரல் மூன்று, ஏப்ரல் ஐந்து, ஏப்ரல் எட்டு.

“நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே,” என்றாள். அவள் நிறையப் புத்தகம் படித்தவள். அதனால் அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஜுர்ஜு குழு நான்கு இருபதுக்கு வந்தது. பாலத்தில் நெரிசல். நான்கு பேர். காமெனுக்கு எதிராக ஆட ஸ்மரண்டா என்ற பல் டாக்டர். சிறிய உருவம், பெரிய சிரிப்பு. ஓரளவு பல்கேரிய மொழி பேசினாள். வினைச்சொற்களை மட்டும் அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதல் ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள். இரண்டாவதில் காமென். குதிகால் பெடலை அவன் இரண்டாவது ஆட்டத்தில்தான் நம்பத் தொடங்கினான். ஒன்பதாவது மதகில் படகை நிறுத்தி, பின்னால் இழுத்து, கதவு திறக்கும் அந்த அரை நொடியில் நுழைத்தான். கிரேனில் இருபது டன் பெட்டியைக் கப்பலில் இறக்கும்போது அவன் முகம் எப்படியிருக்கும் என்று ஸ்விலெனுக்குத் தெரியும். அந்த முகத்தைத்தான் இப்போது பார்த்தான். விஹ்ரா கைதட்டினாள், தட்டிவிட்டு, நூலகத்தில் இருப்பதாக நினைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் காமென் பன்னிரண்டாவது மதகில் மூன்றாம் முறையாக இடித்தான். ஸ்மரண்டா பதின்மூன்றாவதில். ஒரு மதகு வித்தியாசம்.

“டாக்டர்கிட்ட தோத்தா தோல்வி இல்ல,” என்றான் காமென். “வைத்தியம்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். பெடல்களையும் பெரிய பொத்தானையும் குனிந்து பார்த்தாள்.

“நான்? இதுல? ஒரு தடவை?”

காமென் தன் நாற்காலியைக் கொடுத்தான். அவள் வலது கை விரல்களை மடக்கி, முழங்கையை மட்டும் பெரிய பொத்தான் மேல் வைத்து, இடது கையையும் இடது காலையும் வைத்து ஆடினாள். படகு கரையிலேயே சுற்றியது. இரண்டாவது தடவை முதல் மதகில் இடித்தது. மூன்றாவது தடவையும் அதே கதவில். அவளுடைய ஆட்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“விரல் இல்ல டாக்டர், குதிகால்,” என்றான் காமென். தன் இடது காலை அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். “முதல்ல குதிகால். அப்புறம்தான் பாதம். அவசரப்பட்டா ஆறு சும்மா விடாது.”

இன்னொரு தடவை இடித்தாள். பொத்தான்களை விட்டுக் கையை எடுத்தாள்.

“நீ, இது, எத்தனை நாள்?”

“நாலு மாசம்.”

அவள் திரும்பி முதல் முறையாக அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு விரலால் ஆறு இருக்கும் திசையைக் காட்டினாள்.

“ஆகஸ்ட். ஜுர்ஜு. எங்க வீடு. நீ. இந்தப் பெட்டி எல்லாம்.”

காமென் பனிட்சாத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டை எடுத்து, மென்று விழுங்கினான்.

“மாமா,” என்றான், “பாலத்துல வண்டி ரொம்ப நேரம் நிக்கும். நாம காலையிலேயே கிளம்பிடணும்.”